கறுப்பிக்குக் கீழே ஆறிய தேத்தண்ணி

என் மகளின் கல்யாணப் பேச்சு குழம்பப் பார்த்தது ஒரு வேவு விமானத்தால். அது உண்மையான விமானம் அல்ல, நானே ஒட்டிச் செய்த பிளாஸ்டிக் மாதிரி. உண்மையானவை ஓய்வுபெற்று, மிஞ்சியவை மியூசியங்களில் நிற்கின்றன. இருந்தாலும் கனடாவில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு ஹோலுக்குள் அது பார்த்த வேலை கொஞ்சநஞ்சமல்ல.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்வது கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில். பனிப்புயலில் அதை மூடிவிட்ட ஒரு நாள், வீட்டில் நின்று போனில் தோசை மா பற்றிய வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் தானாகவே அடுத்தது ஓடியது. நீளமாய், தட்டையாய், கன்னங்கரேலென்று ஒரு விமானம். நிலத்தில் நிற்கும்போது அதன் வயிற்றிலிருந்து எரிபொருள் ஒழுகுமாம். பழுது ஒன்றுமில்லை. தகடுகளுக்கிடையில் வேண்டுமென்றே இடைவெளி விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். பறக்கிற வேகத்தில் உடம்பு கொதித்து, உலோகம் விரிந்து, எல்லா இடைவெளியும் தானாக அடைபட்டுவிடுமாம். நான் குசினியில் தனியாக நின்று கை தட்டினேன்.

பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. எண்பதாயிரம் அடிக்கு மேலே, மத்தியானத்திலும் வானம் கறுப்பாகத் தெரியும் இடத்தில் அது போகும். ஏவுகணை துரத்தினால் ஒளிந்து விளையாடாது, வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடும். கோயில் வரிசையில் முன்னால் நிற்கிற அக்காமாருக்கு இதைச் சொன்னேன். பல்லுக் கட்டப் போன இடத்தில், வாய்க்குள் பஞ்சு வைப்பதற்கு முந்திச் சொன்னேன். அதற்குக் கறுப்பி என்று பெயரும் வைத்தேன். என் மனுசனுக்கு அது காகம். நான் வாயைத் திறந்தாலே, "இஞ்சரும், தொடங்கீட்டீர். உம்மட காகம் இண்டைக்கு எங்க போகுது?" என்பார்.

ஒரு மாரிகாலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கறுப்பியை ஒட்டினேன். இரண்டடிக்கு மேல் நீளம். ஒட்டி முடிந்த அன்று நான் துள்ளிய துள்ளலைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி லொத்தர்ச் சீட்டு ஏதும் விழுந்துவிட்டதோ என்று கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் மகள் ஒரு பெடியனைப் பற்றிச் சொன்னாள். புரோசார்ட்டில் இருக்கிற எங்கட ஆக்கள், நல்ல பெடியன். சிக்கல் அவனுடைய அப்பா. அதிகம் பேசமாட்டார், ஆனால் அவர் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்தால் அந்த வீட்டோடு சம்மதம் என்று அர்த்தம். குடிக்காமல் எழும்பினால் முடிந்தது. அப்பாவின் மனதை நோகடித்துக் கல்யாணம் செய்யமாட்டேன் என்று பெடியன் முதலிலேயே சொல்லிவிட்டானாம். மகள் அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கியிருந்தது. அவளுக்கு அவனை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வருவதாக இருந்தது. மகள் என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அம்மா, ப்ளீஸ். பிளேனைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காதேங்கோ."

"ஓம், சத்தியமாக் கதைக்கமாட்டன்."

கதைப்பதில்லை என்றுதான் சத்தியம் செய்தேன். அவர்களாகக் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே? ஆகவே சனிக்கிழமை கதிரையில் ஏறி, மூலையில் கிடந்த கறுப்பியை ஹோல் நடுவுக்குக் கொண்டுவந்து, மீன் பிடிக்கிற தங்கூசி நூலில் கட்டித் தொங்கவிட்டேன். சரியாகப் பெரிய சோபாவுக்கு மேலே. மூக்கு விருந்தாளியைப் பார்த்தபடி. என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

வந்தார்கள். பெடியனின் அம்மா வாய் நிறையக் கதைத்தார். பெடியன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அப்பா பெரிய சோபாவில் இருந்தார், அண்ணாந்து பார்த்தார். கேட்கப்போகிறார், கேட்கப்போகிறார்! அவர் கேட்கவில்லை. சோபாவின் இடது பக்கம் அரக்கித் தள்ளி இருந்தார். கறுப்பியும் ஹீட்டர் காற்றில் மெல்ல இடது பக்கம் திரும்பியது. அவர் வலது பக்கம் அரக்கினார்.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பால் தேத்தண்ணி, பக்கத்தில் வடை, மரக்கறி ரோல்ஸ், பயத்தம் பணியாரம். எல்லாரும் எடுத்தார்கள். பெடியனின் அப்பா மட்டும் கோப்பையைத் தொடவில்லை. என் மனுசன் பனியைப் பற்றிக் கதைத்தார், ரோட்டுக் குழிகளைப் பற்றிக் கதைத்தார். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. மகள் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மகளைப் பார்த்தேன். பணியாரத்தில் சீனி கூடிவிட்டதோ, எங்கள் வீடு சின்னதோ என்று என் புத்தி எங்கெல்லாமோ ஓடியது.

அப்போது, விமான நிலையத்தில் இறங்கப்போகும் ஒரு விமானம் கூரைக்கு மேலால் உறுமிக்கொண்டு போனது. எங்கள் பகுதியில் அது எப்போதும் உள்ள சத்தம். நாங்கள் கவனிப்பதே இல்லை. பெடியனின் அப்பா எழும்பிவிட்டார்.

மகளின் முகம் விழுந்துபோனது.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ," என்றார் என்னிடம். அன்று அவர் பேசிய முதல் வசனம் அது. "இதுக்குக் கீழ இருந்து என்னால தேத்தண்ணி குடிக்க ஏலாது."

"எதுக்குக் கீழ, அண்ணை?"

அவர் விரலை மேலே காட்டினார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உடனே கழற்றுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் முந்திக்கொண்டது. "ஐயோ அண்ணை, இது குண்டு போடாது. இது படம் மட்டும்தான் எடுக்கும்!"

"ஓம்," என்றார் அமைதியாக. "ஊரில எங்களுக்கும் முதல்ல வாறது படம் எடுக்கிறதுதான். மற்றது பேந்துதான் வரும்."

நானும் ஊரில் சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்தவள்தான். வாயில் துணியைக் கடித்துக்கொண்டு, மண் உதிர உதிரக் குனிந்திருந்தவள்தான். அந்தச் சத்தத்தையும் என் கறுப்பியையும் நான் ஒரு நாளும் ஒன்றாக நினைத்ததே இல்லை. இத்தனை நாள் அதை மணிக்கணக்காகப் பார்த்துச் சந்தோசப்பட்டது ஏன் என்று அந்த நிமிசம்தான் எனக்குப் பிடிபட்டது. கீழே இருந்தே பார்த்து அலுத்துப்போன எனக்கு, ஒருக்காவாவது மேலே இருந்து பார்க்க ஆசை.

அதையும் அப்படியே சொல்லிவிட்டேன். "அண்ணை, எனக்கு ஒருக்கா மேல இருந்து பாக்க வேணும் போல இருந்தது. அவ்வளவுதான். இப்பவே கழட்டுறன்."

கதிரையை இழுத்தேன். அவர் கையைக் காட்டி மறித்தார்.

"வேண்டாம், கிடக்கட்டும். உங்களிட்டை கீழ ஏதும் இடம் இருக்கோ?"

"பேஸ்மென்ட் இருக்கு அண்ணை."

"பங்கர் இருக்கெண்டு சொல்லுங்கோ!"

"ஓம் அண்ணை, ஹீட்டர் பூட்டின பங்கர்!"

முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு பெரிய சத்தமாகச் சிரித்தார். பெடியன் தகப்பனை அதிசயமாகப் பார்த்தான். அதற்குப் பிறகு வீட்டில் ஒரே அமளி. வடைத் தட்டு ஒருவர் கையில், ரோல்ஸ் ஒருவர் கையில், ஆளுக்காள் வழிவிட்டு, இடித்து, படியில் இறங்கினோம். பட்டுச்சீலையைத் தூக்கிப் பிடித்தபடி பெடியனின் அம்மா, "தலை கவனம், தலை கவனம்" என்று பழைய பழக்கத்தில் கத்தினார். கீழே உடுப்பு மெசின், அரிசி மூட்டைகள், ஒருவரும் ஓடாத ஓட்ட மெசின். அரிசி மூட்டையில் நான் இருந்தேன். ஓட்ட மெசினில் என் மனுசன் சாய்ந்தார். மடிக்கிற கதிரையில் பெடியனின் அப்பா இருந்தார், மேலே பார்த்தார். தண்ணீர்க் குழாய்கள் மட்டும்தான் தெரிந்தன.

"என்ர சீவியத்தில விரும்பி வந்து இருக்கிற முதல் பங்கர் இது," என்றார்.

மகள் புதுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். படியில் இறங்கும்போதே கோப்பையும் தட்டும் கிலுகிலுத்தன. அவர் வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். எனக்கு எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது. அரிசி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரி தங்கச்சி, சொல்லுங்கோ," என்றார். "அவ்வளவு உயரத்தில அவங்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்யிறவங்கள்?"

மகள் கண்ணை மூடினாள். நான் சத்தியத்தை மீறவில்லை, அவராகத்தான் கேட்டார்! குழாய்க்குள் அடைத்த சாப்பாட்டைத் தலைக்கவசத்தின் ஓட்டையால் உறிஞ்சுவதையும், சுடச்சுட வேண்டுமென்றால் அந்தக் குழாயைக் கண்ணாடி யன்னலில் ஒட்டிப் பிடிப்பதையும், யன்னல் அடுப்புப் போலச் சுடுவதையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, இரண்டாவது கோப்பை கேட்டார். என் மனுசன் மட்டும், "அண்ணை, நீங்கள்தான் இனி இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேணும், நான் தப்பீட்டன்," என்றார்.

போகும் நேரம் எல்லாரும் ஹோலுக்கு ஏறி வந்தோம். சப்பாத்து மாட்டி முடிந்த பிறகும் அவர் வாசலில் நின்று கறுப்பியை அண்ணாந்து பார்த்தார். இந்தமுறை ஒதுங்கவில்லை.

"சம்பந்தி, இதில எத்தினை பேர் போகலாம்?"

சம்பந்தி! எனக்குத் தலைகால் தெரியவில்லை. "ரெண்டு பேர்தான்! ஒராள் முன்னால இருந்து ஓட்டுறது, ஒராள் பின்னால இருந்து வழி பாக்கிறது!"

அவர் தன் மகனைப் பார்த்தார், பிறகு என் மகளைப் பார்த்தார்.

"போதும், ரெண்டு பேர் காணும்," என்றார்.