வைக்கோல் போருக்குள் ஜெர்மன் வண்டி

அந்த மார்கழி முழுக்கக் காலையில் எழுந்ததும் எனக்கு ஒரே வேலைதான். வாசல் தெளிப்பதற்கு முன்பே களத்துக்குப் போய், வைக்கோல் போருக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்ப்பேன். சூடாக இருக்கிறதா, இல்லையா? ஈரத்தோடு போட்ட வைக்கோல் உள்ளுக்குள்ளேயே வெந்து ஒரு நாள் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பது பாகூரில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் போருக்குள் வைக்கோல் மட்டும்தான் இருந்தது. எங்கள் போருக்குள் ஒரு மோட்டார் கார் நின்றது.

என் வீட்டுக்காரர் நெல்லும் கரும்பும் பயிர் செய்தவர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவர். கோபம் வராது, குரல் உயராது. நல்ல மனுஷர்தான், அந்த வண்டி வருகிற வரைக்கும். புதுச்சேரியில் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறித் தன் ஊருக்குத் திரும்பியபோது அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். மேலே மடக்குக் கூரை, பக்கவாட்டில் ஏறி நிற்கப் படிப்பலகை, மூக்கில் மூன்று முனை நட்சத்திரம். அதோடு ஒரு டிரைவரும் வந்தார். அந்த வெள்ளைக்காரரிடமே பதினைந்து வருஷம் வண்டி ஓட்டிய பெரியவர்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் வண்டியின் வரலாற்றை ஆரம்பித்துவிடுவார். வந்தவர்கள் வரப்புத் தகராறு பேச வந்திருப்பார்கள், பாவம். “பிரெஞ்சு வண்டி அழகு. இங்கிலீஷ் வண்டி கௌரவம். ஜெர்மன் வண்டி நின்னுபோவாதுபா” என்று தொடங்குவார். அந்த நாட்டில் இரண்டு ஊர்களில் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, குதிரையில்லாத வண்டி செய்தார்களாம். பிற்பாடு இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டதாம். நட்சத்திரத்தின் மூன்று முனையும் நிலம், நீர், ஆகாயமாம். வண்டிக்கு வைத்த பெயர்கூட ஒரு பணக்காரருடைய மகளின் பெயராம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது சொந்தக் குலதெய்வத்தின் கதையைச் சொல்வதுபோல இருக்கும்.

எனக்கு அதில் பிடித்தது ஒரே ஒரு இடம். முதல் வண்டியைச் செய்தவருக்கு அதை வெளியே கொண்டுபோகப் பயமாம். ஊரார் சிரிப்பார்கள், வழியில் நின்றுவிடும் என்று. அவர் பெண்சாதி என்ன செய்தாள் தெரியுமா? விடியற்காலையில், புருஷன் தூங்கும்போது, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, அந்த வண்டியிலேயே தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வழியில் எண்ணெய் தீர்ந்ததும் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாள். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியிலிருந்த ஊசியை உருவிக் குத்திச் சரிசெய்தாள். அதற்கப்புறம்தான் உலகம் அந்த வண்டியை நம்பியதாம். “அப்போ வண்டிய ஓட்டிக் காட்டினது அந்தம்மா. பேரு மட்டும் புருஷனுக்கா?” என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் மேல்துண்டை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

வண்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மேல்துண்டால் அதன் மூக்கைத் துடைக்காமல் போகமாட்டார். எங்கள் பெண்ணுக்கு மூக்கு ஒழுகினால் “இன்னாடி, வந்து புள்ளயப் பாரு” என்று என்னைக் கூப்பிடுவார். வண்டியின் மூக்கில் தூசி பட்டால் தானே துடைப்பார். நான் விடுவேனா? “நீங்க தாலி கட்டினது எனக்கா அதுக்கா?” என்று கேட்பேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். போகப் போக அது விளையாட்டாக இல்லை.

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் என்று செய்தி வந்தபோது எங்கள் பெண்ணுக்கு நாலு வயது. அன்றைக்கே என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. நாம் பிரெஞ்சுக்காரன் குடி, வீட்டில் நிற்பது எதிரியின் வண்டி. புதுச்சேரியில் ஜெர்மன் சாமான் வைத்திருப்பவர்களைப் பட்டியல் எடுக்கிறார்கள், வீட்டில் ஜெர்மன் ரேடியோ வைத்திருந்தவரைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இவர் யாரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை. கேட்டாலே சந்தேகம் வருமாம். நேராக ஊர் நிர்வாகம் பார்க்கும் மேர் கச்சேரிக்குப் போய், வண்டியைக் கடலூர்ப் பக்கம் இங்கிலீஷ் எல்லையில் விற்றுவிட்டதாகப் பிரெஞ்சிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வண்டியோ கொட்டகையில் நின்றது. அதை எங்கே ஒளிப்பது? பயிர்த்தொழில் செய்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? பெட்ரோலை டின்களில் வடித்து நெல் குதிருக்குப் பின்னால் வைத்தார். களத்தில் வண்டியை நிறுத்தி, சவுக்குக் கழியும் பனஞ்சட்டமும் கட்டி, அதன்மேல் குறுவை வைக்கோலைப் போட்டுப் போர் எழுப்பினார். டிரைவர் பெரியவரும் நம்பிக்கையான இரண்டு ஆட்களும்தான் கூட இருந்தார்கள். ஊரிலேயே பெரிய போர் எங்களுடையது என்று வழியில் போகிறவர்கள் மெச்சினார்கள்.

அதற்கப்புறம் எனக்கு நிம்மதி என்பதே இல்லை. நாய் குரைத்தால் சிப்பாய். மழை பெய்தால் போர் வெந்துவிடும். பெட்ரோலை வடித்தாலும் வாசனை போகுமா? யாராவது பீடியோடு களத்தில் நடந்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். இன்னொன்றும் இருந்தது. போரை இடையில் பிடுங்கினால் வண்டி தெரிந்துவிடும். அதனால் எங்கள் மாடுகளுக்கு வைக்கோலை வெளியே வாங்கினோம். வீட்டில் அவ்வளவு பெரிய போரை வைத்துக்கொண்டு அடுத்தவனிடம் வைக்கோல் வாங்குகிறவன் எவனாவது உண்டா? “பாக்கிறவங்க இன்னா நெனைப்பாங்க?” என்று கேட்டால், “அது வெதைக்கு வச்சிருக்கிற போருன்னு சொல்லு” என்றார். வைக்கோலில் விதை ஏது? பயந்த மனுஷனின் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையிலேயே என் வீட்டுக்காரர் மாடு பார்ப்பதற்காகக் கூட்டுவண்டி கட்டிக்கொண்டு சோரியாங்குப்பம் வழியாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். எங்கள் பெண்ணுக்கு இரண்டு நாளாகத் தொண்டை வலி, சுரம். கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை கஞ்சி இறங்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. மூச்சு இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போயிற்று. எங்கள் தெருவிலேயே முந்தின வருஷம் ஒரு குழந்தை தொண்டை அடைப்பானில் போனதை நான் பார்த்திருக்கிறேன். இதே சத்தம். இதே குழி.

பெரிய ஆஸ்பத்திரி புதுச்சேரியில். மாட்டு வண்டியில் போனால் பாதி நாள். இருந்த கூட்டுவண்டியையும் அவர் கொண்டுபோய்விட்டார். நான் களத்துக்கு ஓடினேன்.

“போரைத் தள்ளுங்க” என்றேன். ஆட்கள் டிரைவர் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

“அம்மா, ஐயா வந்தா... வண்டி ரோட்டுக்குப் போச்சின்னா அவர உள்ள தள்ளிடுவாங்கம்மா.”

“தள்ளட்டும். எனக்கு இப்ப எம்புள்ளதான் வேணும். தள்ளுய்யா!”

நானும் சேர்ந்து பிடுங்கினேன். எவ்வளவு வைக்கோல்! பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. அவரையும் அவர் வண்டியையும் அதைச் செய்த நாட்டையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். கூடத்தில் குழந்தை மூச்சு இழுக்கும் சத்தம் களம் வரைக்கும் கேட்பதுபோல இருந்தது.

வண்டி வெளியே வந்தது. பெரியவர் பெட்ரோலை ஊற்றி, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். இருமிற்று, நின்றது. மறுபடி சுற்றினார். இருமிற்று, நின்றது. நின்றுபோகாத வண்டி! அவர் மூடியைத் திறந்து ஒரு குழாயைக் கழற்றி ஊதினார். காற்று போகவில்லை. பெட்ரோலை வடித்தபோது குழாயின் வாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள். அதற்குள் குளவி மண்ணை வைத்துக் கூடு கட்டியிருந்தது.

“மெல்லிசாக் கம்பி ஏதாச்சும் இருந்தா...” என்று பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் கை தானாகத் தலைக்குப் போயிற்று. கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தேன். தலை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. முகம் தெரியாத அந்த ஜெர்மன்காரியை அந்த நேரத்தில் நினைத்தேன் என்பது சத்தியம். அவளுக்காவது பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்றாம் சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது.

புதுச்சேரி போகும் சாலையில் எல்லைச் சாவடி ஒன்று உண்டு. வைக்கோல் ஒட்டிய வண்டி, தலைவிரி கோலத்தில் ஒருத்தி, மடியில் குழந்தை. சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினார். நம் ஊர்க்காரர்தான், நடுவயது. நட்சத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது வித்துட்டதா எழுதிக் குடுத்த வண்டியாச்சே?”

“அதேதான். பொய்தான் எழுதினாரு. இன்னா வேணும்னாலும் பண்ணிக்கோங்க. புள்ளைக்கு மூச்சு வரல. ஆஸ்பத்திரிக்கு வுடுங்க.”

அவர் குனிந்து குழந்தையைப் பார்த்தார். பிறகு படிப்பலகையில் ஏறி நின்று, “வுடுபா, நிக்காத” என்று பெரியவரிடம் சொன்னார். வழி முழுக்கக் கையை ஆட்டி மாட்டு வண்டிகளை ஒதுக்கிக்கொண்டே வந்தார். இடையில் ஒரு தடவை என் பக்கம் திரும்பி, “போர வச்சிக்கினு வைக்கோல் வாங்கினப்பவே ஊருக்கே தெரியும்மா” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த நர்ஸம்மா, “சாயங்காலம் வரைக்கும் பார்க்கணுமாம்” என்றாள். நான் கட்டிலருகில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகிறது, வருகிறது. என் வீட்டுக்காரர் வந்து இன்னா பண்ணினே என்று கேட்டால் என்ன சொல்வது? வண்டியை வெளியே எடுத்ததற்காக அவர் என்னை ஒரு பார்வை பார்த்தால் அதற்குமேல் அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்? பிள்ளையின் உயிர் ஊசலாடுகிறபோது எனக்கு இந்த யோசனையும் ஓடியது. எனக்கா அதுக்கா என்று ஐந்து வருஷமாகக் கேட்டுவந்த கேள்விக்கு அன்றைக்குப் பதில் வந்துவிடுமே என்று பயந்தேன்.

அங்கே ஊரில் நடந்ததைக் கச்சேரிக் குமாஸ்தா பிற்பாடு என்னிடம் சொன்னார். மத்தியானம் என் வீட்டுக்காரர் பாகூர் திரும்பும்போது கடைத்தெருவிலேயே செய்தி காத்திருந்தது. உன் ஜெர்மன் வண்டியில் உன் பெண்சாதி தலைவிரி கோலமாக அழுதுகொண்டு போகிறாள், படியில் சிப்பாய் நிற்கிறான் என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு உடம்பு முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. இவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே மேர் கச்சேரிக்கு ஓடி, நடு ஹாலில் நின்று, “பொய் எழுதினவன் நாந்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வண்டிய எடுத்துக்கோங்க, நெலத்தயும் எழுதிக்கோங்க. அவளயும் புள்ளயயும் வுட்டுடுங்க” என்று கத்தினாராம். குரல் உயராத மனுஷர். குமாஸ்தாவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. யாரைப் பிடித்தோம் என்று கச்சேரியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

ஜெர்மன் கம்பெனி வண்டியைப் பிரெஞ்சுக் குடிமகன் வைத்திருப்பது குற்றமே இல்லையாம். பொய் எழுதிக் கொடுத்ததுதான் குற்றம். அதையும் இவர் தானே போய் ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்காகச் சில நாள் உள்ளே இருந்தார், வண்டியை அரசாங்கக் கொட்டகையில் நிறுத்தினார்கள். யுத்தம் முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஆள் வந்தபோது இவர் போகவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தைப் பற்றி.

வெயில் சாயும் நேரம். பெண் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கரகரத்த குரல், ஆனாலும் குரல். சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு சிப்பாயோடு என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்துகொண்டிருந்தார். சாவடியில் விஷயத்தைக் கேட்டு அங்கிருந்து வந்திருக்கிறார்கள். வாசலிலேயே வண்டி நின்றது, மூக்கெல்லாம் புழுதியும் வைக்கோலும். அதன் நட்சத்திரம் கைக்கு எட்டும் தூரத்தில் அவர் கடந்து வந்தார். கை நீளவில்லை.

உள்ளே வந்தவர் என் தோளைத் தொட்டுப் பார்த்தார். பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவளுக்கு ஒழுகிக்கொண்டிருந்த மூக்கை மேல்துண்டால் துடைத்தார். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

“வண்டிய எடுத்துட்டன். போரும் போச்சு, வண்டியும் போச்சு” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை.

“எந்த வண்டி?” என்றார்.