கியர் ஆயிலும் கிரிவலமும்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு போர்ட்டிகோ கேட்டை நோக்கிச் சரிவாக இருக்கும். மழைத்தண்ணீர் தேங்கக்கூடாது என்று கொத்தனாரிடம் சண்டை பிடித்து நானே போடச் சொன்ன சரிவு. அதில், முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிய காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நிஜமாகவே மாற்றினார்களா என்று யாருக்குத் தெரியும்? எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. போனில் வீடியோ பார்த்துவிட்டு நானே இறங்கிவிட்டேன்.

வண்டி உருளாமலிருக்கப் பின் டயர்களுக்குத் தோட்டத்துக் கற்களை முட்டுக் கொடுத்திருந்தேன். நீளமான, வழவழப்பான கற்கள். கை பிரேக்கும் போட்டிருந்தேன். அதன் பிடி கொஞ்ச நாளாகவே கம்மி.

ஐந்து வயது மகள் காரைச் சுற்றிக் கிரிவலம் விளையாடிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் மலையைச் சுற்றுவதைப் பார்த்தே வளரும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் போதும், சுற்றக் கிளம்பிவிடும். அடியிலிருந்து அவளுடைய வெறுங்கால்கள் மட்டும் தெரிந்தன. கிரிவலப் பாதை லிங்கங்கள் இருப்பதாக நினைத்து அங்கங்கே நின்று "அரோகரா" என்பாள், மறுபடி நடப்பாள்.

போல்ட்டைக் கழற்றினேன். பழைய எண்ணெய் டப்பாவில் ஒழுகத் தொடங்கியது. தலையைத் திருப்பியபோது சுவரோரம் இரண்டு கற்கள் நிற்பதைப் பார்த்தேன். அவற்றுக்கு விபூதிப் பட்டை போட்டு, செம்பருத்தி வைத்திருந்தாள். தெரிந்த கற்களாக இருந்தன. பின் டயர்கள் இரண்டையும் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை.

எண்ணெய் சூடாகட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டபோது கியரை நியூட்ரலில் போட்டவன், அப்படியே விட்டிருந்தேன். இனி அந்தக் கை பிரேக் ஒன்றுதான்.

அவள் கால்கள் டிரைவர் கதவருகே நின்றன.

"சுத்தி முடிச்சிட்டேன்ப்பா. மணி அடிக்கப் போறேன்."

மணி என்றால் ஹாரன். சீட்டில் ஏறித்தான் அடிப்பாள். கதவு திறந்தது. வண்டி லேசாக ஆடியது. கத்தினால் பயந்துபோய் எதையாவது பிடிப்பாள். கையெட்டும் இடத்தில் பிரேக். சாகப்போகிறேன் என்பதைவிட, என் குழந்தையின் கையால் சாகப்போகிறேனே என்பதுதான் என்னை நடுங்க வைத்தது. காலமெல்லாம் அவள் அதை எப்படித் தாங்குவாள்?

"கண்ணு," என்றேன், குரலை இழுத்துப் பிடித்து. "குபேர லிங்கம் கும்பிட்டியா?"

"அய்யோ, மறந்துட்டேன்."

"வாசப்படியாண்ட பூ வெச்சி கும்பிட்டு வா. அப்புறம் மணி அடிக்கலாம்."

கால்கள் கீழே இறங்கி வீட்டுப் பக்கம் போயின. தோள் தரையில் உரிய, டப்பா கவிழ்ந்து சட்டையெல்லாம் எண்ணெயாக, வெளியே வந்து விழுந்தேன். எழுந்து ஓடி அவளை வாரித் தூக்கினேன். பின்னால் தடாலென்று சத்தம். கை பிரேக் விட்டுப்போய் ஜாக்கி சாய்ந்து, நான் படுத்திருந்த இடத்தில் காரின் முன்பக்கம் இறங்கியது. அப்படியே பின்னால் உருண்டு கேட்டில் முட்டி நின்றது.

அவளை அணைத்தபடி படியில் உட்கார்ந்தேன்.

"டயருக்கு வெச்ச கல்ல ஏம்மா எடுத்த?"

"சாமி நசுங்குதுப்பா," என்றாள். "பாவம். அதான் வெளிய எடுத்தேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.