ஓவுக்கு இரண்டு பக்கமும்

எங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் மகாதேவர் கிழக்கு பார்த்து இருப்பார். பார்வதிக்குத் தனி நடையோ சன்னதியோ கிடையாது. அதே கருவறையில், அவருக்குப் பின்னால், மேற்கு பார்த்து இருக்கிறாள் என்று நம்பிக்கை. பின்சுவர் ஓரமாக அவளுக்கு ஏற்றுவதுதான் பின்விளக்கு. தாம்பத்தியம் நன்றாக இருக்கப் பெண்கள் நேர்வது. உடம்பில் பாதியையே கொடுத்தவர் என்று ஊரே புகழும் கணவர், வீட்டுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்!

போன திருவாதிரைக்கு எங்கள் வீட்டிலும் அதே கோலம்தான். எனக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது, கேரளத்தின் அந்தக் கோடியில், கண்ணூரில். "போகண்டாம்" என்றார் நெய்யாற்றின்கரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் கணவர். ஏன் என்று கேட்டால் மழை என்பார், ரயில் என்பார், ஹாஸ்டல் சாப்பாடு என்பார். பேச்சு நின்றுபோனது. மறுநாள் நான் சம்மதம் சொல்லாவிட்டால் அந்த நாற்காலி வேறு ஆளுக்குப் போய்விடும்.

திருவாதிரை, கணவர் நன்றாக இருக்க நோன்பு பிடிக்கும் நாள். அவருக்காகப் பட்டினி கிடந்து, அவரையே மனதுக்குள் திட்டியபடி பின்விளக்குக்குச் சீட்டு எடுத்தேன். பூசை செய்யும் போற்றி திரியைக் கொளுத்தினார். 'தாயே, உன் ஆள் பாதி உடம்பு தந்தார். என் ஆள் ஒருமுறை தலையாட்டினால் போதும்' என்று வேண்டினேன்.

அப்போது முன்வாசலில் என் கணவர் வருவது தெரிந்தது. எல்லாரையும் போல இடப்பக்கம் தெற்கு வழியாகச் சுற்றி வருவார், முகத்தில் முழிக்க வேண்டாம் என்று நான் வடக்குப் பக்கம் நழுவினேன். அவரும் என் சேலையைக் கண்டு, என்னைத் தவிர்க்க நேராக வடக்கே திரும்பியிருக்கிறார். அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் ஓவு அங்கேதான். சிவன் கோவிலில் அதை யாரும் தாண்டக் கூடாது. இதை இரண்டு பேருமே கோபத்தில் மறந்துவிட்டோம். ஓவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நேருக்கு நேர்.

சிரிப்பு வந்தது, அடக்கினேன். "இப்பவாவது சொல்லுங்க, ஏன் போகண்டாம்?"

அவர் ஓவில் வழிந்த தண்ணீரையே பார்த்தார். "கடையடச்சு வந்து கதவத் தெறந்தா உள்ள ஆளில்ல. நெனச்சாலே பேடியாட்டு கெடக்கு."

கல்யாணமான நாள் முதல் பயம் என்று இந்த மனிதர் வாயைத் திறந்ததில்லை. மழைக்கும் ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

"எனக்கும் பேடி உண்டு" என்றேன். போகவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் ஓவிலிருந்து தலையை நிமிர்த்தி, "எப்பளாக்கும் வண்டி?" என்றார்.