கோடாகிப் போன படம்

டீவியைப் போட்டதும் கண்ணாடியில் 'சரசர'வென்று எழும் ஒலியும், கையைக் கிட்டக் கொண்டுபோனால் மயிர் சிலிர்த்து நிற்கும் கூச்சமும் என் பத்து வயதின் நினைவுகள். யுத்தம் முடிந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்கள் குடும்பம், பாலாவிக்குப் பக்கத்தில் கட்டிய சிறிய கல்வீட்டில் இருந்தது. வாப்பா சவூதியில் சாரதியாக வேலை செய்ய, உம்மா ஊர்ப் பெண்களுக்கு உடுப்புத் தைத்தார். வாப்பா போனபோது வயிற்றில் இருந்த தம்பிக்கு அப்போது மூன்று வயது. வாப்பா என்றால் அவனுக்குத் தொலைபேசியில் கேட்கும் ஒரு குரல் மட்டும்தான்.

அந்த வாப்பா, தன்னைப் படம்பிடித்த சீடி ஒன்றை விடுமுறைக்கு ஊர் வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அது வந்து சேர்ந்த வாரம் பார்த்து எங்கள் டீவிப் பெட்டியில் படம் போய்விட்டது. சத்தம் குறைவில்லாமல் வந்தது. ஆனால் திரையின் நடுவே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பக்கத்து வீட்டு மாமி தங்கள் வீட்டில் வந்து பார்க்கச் சொன்னார். மூன்று வருடமாகக் காணாத முகத்தை, நாலு பேர் தன்னையே கவனித்துக்கொண்டிருக்கும் இடத்தில் பார்க்க உம்மாவுக்கு மனமில்லை.

பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி, ஓட்டோவில் ஏற்றி, சந்தியில் ரேடியோ திருத்தும் ரிஸ்வான் நானாவிடம் கொண்டுபோனோம். போட்டுப் பார்த்த உடனேயே அவர், "பிக்சர் டியூப் முடிஞ்சுது. புதுசு ஒண்டு எடுங்க" என்று சொல்லிவிட்டார்.

உம்மா நகரவில்லை.

"டியூப் செத்திருந்தா இந்தக் கோடு எங்கால வருது, தம்பி? நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வெட்கத்தில் நான் உம்மாவுடைய அபாயா அங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஒரு மாசமா படம் மேலயும் கீழயும் சுருங்கிச் சுருங்கி வந்திச்சு. தலையில தட்டினா ஒண்டும் நடக்காது, வலப்பக்கத்துல தட்டினாத்தான் விரியும். என்ட மெசின்ல நூல் அறுந்தா நான் மெசினையே தூக்கி எறியறனா? அந்தப் பக்கம் எங்கயோ பிடி விட்டிருக்கு. ஒருக்காத் திறந்து பாருங்க."

ரிஸ்வான் நானா சிரிக்கவில்லை. பிளக்கைக் கழற்றினார். "உள்ளுக்குக் கரண்ட் நிக்கும், கிட்ட வராத" என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பின்மூடியைக் கழற்றி, தூசியைத் தட்டி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தார். படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் பாகத்தின் ஒரு கம்பிக்காலைச் சுற்றி, உப்புக்காற்றுக்கோ சூட்டுக்கோ, பற்றவைத்த ஈயம் வெடித்து, மயிரிழை அளவுக்கு விட்டிருந்தது. அந்த இடத்தில் புதிய ஈயத்தை உருக்கி வைத்தார். மறுபடி போட்டபோது அந்தக் கோடு ஒரு கணம் நடுங்கி, பாய் விரிப்பதுபோல் திரை முழுவதும் விரிந்தது.

"நான்தான் அவசரப்பட்டுட்டன், ராத்தா" என்றார் அவர் உம்மாவிடம். சிரித்தவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

அன்று பின்னேரம் வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சீடியைப் போட்டோம். லொறி ஒன்றின் பக்கத்தில் நின்ற வாப்பா, என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்து, பிறகு சலாம் சொன்னார். தம்பி பதில் சலாம் சொல்லிவிட்டு, அவர் தன்னைப் பார்ப்பதாகவே நம்பி, புதுச் சட்டையை இழுத்துக் காட்டினான். அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே பார்த்த உம்மா, அப்போதுதான் நிலத்தில் உட்கார்ந்தார். கடையில் ஆண்களுக்கு நடுவில் தடுமாறாத குரல், தம்பியைக் கூப்பிட்டபோது உடைந்தது.

இன்று எங்கள் சுவரில் தட்டையான டீவி இருக்கிறது. வாப்பாவும் ஊரோடு வந்துவிட்டார். பழைய பெட்டியை எடுக்க இரும்புக்காரர் வந்தபோது உம்மா வாசல்வரை கூடவே போய், "கண்ணாடியைப் பார்த்து வைங்க" என்றார்.

"உடைக்கத்தானே கொண்டுபோறன், உம்மா."

"ஓம், தெரியும். எங்கட வாசலைத் தாண்டும்வரைக்குமாவது கவனமா வைங்க."

இரும்புக்காரர் பெட்டியை இரு கைகளாலும் தூக்கி, வண்டியில் மெதுவாக வைத்தார்.