ரிப்பன் பாம்புக்குக் கொடுத்த ஹெர்ரிங்

ஒஸ்லோவில் என் மகள் ஆரணி, தோழி கொடுத்த ரிப்பன் பாம்பொன்றை அறையில் வளர்த்தாள். விரல் தடிப்புத்தான், நஞ்சில்லாதது. மீன் தின்னும் என்றதால் எப்போதும் ஹெர்ரிங் என்ற கடல்மீனையே வெட்டிக் கொடுத்தேன். சில மாதங்களில் அது வலிப்பு வந்து துடித்தது.

"அம்மா, டொக்டரிட்டைக் கொண்டு போவம்."

"இதை வளர்க்க இஞ்சை அனுமதி இல்லைப் பிள்ளை. பொலிசுக்குத் தெரிஞ்சால்?" என்று இரண்டு நாள் மறித்தேன்.

மூன்றாம் நாள் போனோம். "ஹெர்ரிங் மட்டும் கொடுத்தால் உடம்பிலுள்ள பி1 விட்டமின் அழிந்துவிடும். உடனே வந்திருந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம்" என்றார் மிருக வைத்தியர். அவருடைய மேசையிலேயே அதன் உயிர் அடங்கிவிட்டது.

இப்போது யாருக்கு நோய் என்றாலும், எதற்கும் பயந்து நான் காத்திருப்பதில்லை. ஒரு முயலாவது வாங்கித் தரட்டுமா என்று மகளைக் கேட்டேன்.

"வேண்டாம் அம்மா. உங்களை நம்பி ஒண்டையும் வளர்க்கேலாது."