வலக்கை இல்லாத தாய்

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் அம்மாவின் வலக்கை வழங்காமல் போனது. இத்தாலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா என்ற தெருவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் எசமானியின் வீட்டில் தூசி துடைத்துக்கொண்டிருந்தபோது துணி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார். விரல்கள் மடங்கவில்லை. பிறகு நிற்கவும் முடியவில்லை.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, நடையும் திரும்பும். கையைப் பற்றி மட்டும் டாக்டர் உறுதி தரவில்லை. வரும் மாதங்களில் விடாமல் பயிற்சி செய்தால் வரலாம், விட்டால் வராது என்றார். அவர் இத்தாலிய மொழியில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அந்த வலக்கை உழைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தது.

ஆனால் அம்மா பயிற்சி செய்ய மறுத்தார். ஒரேத்தோப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். பிடித்து அழுத்தச் சொல்லிக் கொடுத்த பஞ்சுப் பந்து தலையணைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

அவர் மனம் விட்டதற்குக் காரணம் ஒரு கல்.

சிஞ்ஞோராவின் கூடத்தில், சன்னலுக்குக் கீழே ஒரு பழைய கருங்கல் சிற்பம் உண்டு. அவருடைய கணவரின் முன்னோர் ஒருவர் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. முழங்கால் உயரம். ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் அம்மன். மடியில் ஒரு குழந்தை. இடக்கை குழந்தையை அணைத்திருக்கும். வலக்கை மணிக்கட்டோடு உடைந்துபோயிருக்கும்.

பின்னமான சிலையைக் கும்பிடக் கூடாது, கடலில் விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் அம்மா அங்கே வேலை செய்த நான்கு வருடமும் அதன் முகத்தைப் பார்க்காமலேயே தூசி துடைத்தார். பூ வைத்ததில்லை. கும்பிட்டதும் இல்லை. கடைசியில் துணி விழுந்ததும் அந்தச் சிலைக்கு முன்னால்தான்.

"தன்ரை கை போனமாதிரி என்ரை கையையும் எடுத்துப்போட்டுது" என்றார் அம்மா.

அம்மாவின் வேலைக்கு நான் போனேன். முதல் வெள்ளிக்கிழமை கூடத்தைத் துடைத்துவிட்டு அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

பழைய கோயில்களின் தெற்குப் பக்கத்தில் ஏழு தாய்மார் வரிசையாக இருப்பார்கள். சப்த மாதர் என்போம். இவள் அந்த ஏழு பேரில் ஒருத்தி. பீடத்தில் செதுக்கிய வாகனம் தேய்ந்திருந்ததால் எவள் என்று தெரியவில்லை. உடைந்த கை, அஞ்சாதே என்று காட்டிய கையாகத்தான் இருந்திருக்கும். உடன்பிறந்தவர்களைப் பிரிந்து, கடல் கடந்து, கையையும் இழந்து வந்திருக்கிறாள். ஆனால் இடக்கை பிடி தளரவில்லை. குழந்தை மடியிலேயே இருக்கிறது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கிறது. எத்தனையோ நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் சிற்பி ஒருவன் கல்லில் வைத்த சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெருமையாகவும் இருந்தது.

"தாயே, என் அம்மாவைத் தா" என்று மட்டும் கேட்டேன். பல்கனியில் பூத்திருந்த மல்லிகையில் நாலு பூப் பறித்து மடியில் வைத்தேன். சிஞ்ஞோரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு காலமும் உன் அம்மாவுக்கு இந்தச் சிலை பிடிக்காது என்றே நினைத்தேன் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது, சிலைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் மல்லிகை பறித்து வைக்கப்பட்டிருந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு மாமி பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்த வழியில் அம்மாவைப் பார்க்க வந்தார். நான் பூ வைக்கும் கதை அவருக்கும் எட்டியிருந்தது.

"உனக்கென்ன விசரே பிள்ளை? பின்னமான சாமிக்கு ஆரும் பூ வைக்கிறதே? அந்த மனிசியிட்டைச் சொல்லிக் கடலிலை விடச் சொல்லு."

எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, அம்மாவின்ரை கையும்தான் வழங்கேல்லை. அப்ப அம்மாவையும் கொண்டுபோய்க் கடலிலை விடுவமோ?"

மாமி மீன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நாலு எழுத்துப் படிச்ச திமிர்" என்றார்.

"ஓம் மாமி, திமிர்தான்" என்றேன்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"அந்தப் பிள்ளையை எந்தக் கையாலை பிடிச்சிருக்கிறா?" என்று கேட்டார்.

"இடக்கையாலை அம்மா."

"இறுக்கியோ?"

"ஓம், இறுக்கித்தான்."

அம்மா இடக்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் பந்தை இஞ்சை எடு" என்றார்.

அன்றுதான் என் பிரார்த்தனைக்குப் பதில் வந்தது. விரல் அசைந்தது அதற்கு வெகு நாட்களுக்குப் பிறகு. முதலில் பெருவிரல். வைகாசியில் கரண்டி பிடித்தார். ஆடியில் தன் கூந்தலைத் தானே முடிந்தார். டாக்டர் கைகொடுத்தபோது வேண்டுமென்றே வலக்கையை நீட்டினார். நான் வெள்ளிக்கிழமைகளில் பூ வைத்துக்கொண்டே இருந்தேன்.

நவராத்திரிக்கு அம்மாவைக் கைபிடித்துச் சிஞ்ஞோராவின் வீட்டுப் படியேற்றினேன். கூப்பிடாமலே மாமியும் கூட வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஆனால் கைகள் குவிந்திருந்தன. அம்மா சிலைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தார். வலக்கை விரலால் குங்குமம் தொட்டு நெற்றியில் பொட்டு வைத்தார். கை நடுங்கியதில் பொட்டுக் கோணலாகி மூக்குவரை இழுபட்டது. நான் துடைத்துச் சரிசெய்யப் போனேன்.

"விடு. நான் வைச்சது" என்றார் அம்மா.

அடியார்களே, எங்கள் ஆசாரத்தை நான் குறை சொல்லவில்லை. கருவறை மூர்த்திக்கு அந்த விதி இருக்கட்டும். ஆனால் இந்தத் தேசங்களின் மாளிகைகளிலும் கண்ணாடிப் பெட்டிகளிலும் எங்கள் தெய்வங்கள் கையிழந்தும் மூக்கிழந்தும் இருக்கின்றன. யாருடைய அலங்காரப் பொருளோ என்று கடந்து போகாதீர்கள். நின்று முகத்தைப் பாருங்கள். உங்கள் துன்பத்தைச் சொல்லுங்கள். எங்களுக்கு முன்பே கடல் கடந்து வந்து, எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

அந்தக் கோணல் பொட்டைச் சிஞ்ஞோரா இன்றுவரை துடைக்க விட்டதில்லை.