பத்து ஆளுமைகளும் ஒரு தங்கையும்

இந்த வருடம் நான் பத்து ஆளுமைக் கட்டுரைகளும் ஒரு சிறுகதையும் எழுதினேன். பத்துக் கட்டுரைகளால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அந்த ஒரு கதை என் தங்கையை என்னிடமிருந்து கொண்டுபோய்விட்டது.

ஆண்டிறுதி இதழுக்கு, இந்த வருடத்தைத் திரும்பிப் பார்த்து இரண்டு பக்கம் வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் கேட்டிருந்தார். எழுதிக் கொடுத்துவிட்டேன். யார் யாரைச் சந்தித்தேன், என்னென்ன கற்றுக்கொண்டேன், வாசகர்களுக்கு நன்றி, எல்லாம் அதில் இருக்கிறது. தங்கை மட்டும் இல்லை. அங்கே எழுத முடியாததை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டால், கூடாதுதான். தெரியவேண்டாதவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் பத்திரிகை ஐந்நூறு பிரதி அச்சாகும். அதில் பாதி, எழுதுகிறவர்களுக்கே போய்விடும். மாதம் ஒரு மூத்த எழுத்தாளரை வீட்டில் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. ஒரு மாதம் கட்டுரைக்குப் பதிலாக என் கதை வந்தது, ஒரு மாதம் இதழே வரவில்லை. ஆக பத்துக் கட்டுரை. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டுவேன். நான் எதை உயிருள்ள வரி என்று நினைத்தேனோ சரியாக அதன்மேல்தான் அவர்கள் பேனா போகும். அடையாறில் இருக்கும் கவிஞர் ஒருவர், மதியம் இரண்டு மணிநேரம் தூங்குவார் என்று எழுதியதை அடித்தார். மயிலாப்பூரில் ஒரு மொழிபெயர்ப்பாளர், எழுபது வயது அம்மாள். வாஷிங் மெஷின்மேல் காகிதத்தை வைத்து நின்றபடிதான் எழுதுவார். அதைப் படித்ததும் முகம் சுண்டிவிட்டது. "இதெல்லாம் எதுக்கும்மா போட்டுண்டு? ஆத்துல ஒரு மேஜைகூட இல்லேன்னு நெனச்சுப்பா" என்றார். அடித்தேன். எல்லோருக்கும் அடித்தேன். கடைசியில் அச்சில் வந்த பத்துப் பேரும் ஒரே ஆளைப் போல இருந்தார்கள், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வேட்டி கட்டிக்கொண்டு.

யாரும் அடிக்க முடியாத ஒரு வரியாவது எழுதிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு அப்படித்தான் வந்தது. அந்த வரி என் தங்கையிடம் இருந்தது.

அவளுக்கு அடையாறில் வீடு, தி.நகரில் வேலை. வீட்டில் கணவர், இரண்டு குழந்தைகள், மாமியார், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமனார். கெட்டவர்கள் யாரும் இல்லை. அடி, உதை, வரதட்சணை எதுவும் இல்லை. ஆனால் குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட இரண்டு நிமிடத்தில் யாராவது தட்டுவார்கள். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டுக்கு ஒரு போன். பிறகு பனகல் பார்க் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஏறி, மூன்றாவது மாடிப் பட்டுப்புடவைப் பிரிவில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருப்பாள். ஏ.சி. குளுகுளுவென்று இருக்கும். புடவைகளை விரித்துக்கொண்டே இருப்பார்கள். அவள் ஒன்றும் வாங்கமாட்டாள்.

"அங்க மட்டும்தான்க்கா என்னை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. 'இன்னொண்ணு காட்டட்டுமா'ன்னு மட்டும் கேப்பாங்க. அதுக்குத் தலையாட்டினா போதும்" என்றாள் என்னிடம். மயிலாப்பூரில் என் மாடிப் போர்ஷன் பால்கனியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கோயிலுக்குப் போனால் குங்குமம் கொண்டுபோக வேண்டுமே. மயிலாப்பூர் குளத்துக்கு எதிரே பூஜைச் சாமான் கடையில் கால் கிலோ குங்குமம் வாங்கச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தவள் நான்தான். வாராவாரம் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, ஆபீஸ் காலண்டர் தாளைக் கிழித்து மடித்து, அம்மன் பிரசாதம் என்று மாமியார் கையில் கொடுப்பாள். மாமியார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தான் இட்டுக்கொண்டு, படுத்திருக்கும் கணவரின் நெற்றியிலும் இட்டுவிடுவார். அதைச் சொல்லும்போது மட்டும் தங்கை சிரிக்கவில்லை.

இதைக் கேட்ட எழுத்தாளருக்குக் கை சும்மா இருக்குமா? எழுதினேன். பெயரை மாற்றினேன். தி.நகரை மதுரை ஆக்கினேன், வெள்ளியைச் செவ்வாய் ஆக்கினேன், ஆபீஸைப் பள்ளிக்கூடம் ஆக்கினேன். கதைக்குக் காரம் வேண்டுமென்று கடைச் சிப்பந்தியை அவளைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்க வைத்தேன். குங்குமத்தையும் காலண்டர் தாளையும் மாமனார் நெற்றியையும் மட்டும் தொடவில்லை. அவற்றை எடுத்துவிட்டால் கதையே இல்லை. பத்து ஆளுமைகளிடம் பிரதியைக் காட்டி அனுமதி வாங்கிய நான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்நூறு பிரதிதானே, அடையாறில் அந்தத் தெருவில் யார் இலக்கியப் பத்திரிகை படிக்கிறார்கள் என்று நினைத்தேன். ரகசியத்தை ஒளித்துவைக்க எங்கள் பத்திரிகையைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று மனதார நம்பினேன்.

கதைக்கு நல்ல பேர் வந்தது. இரண்டு மாதம் கழித்து, யூடியூபில் கதை வாசிக்கும் ஒரு பெண் செய்தி அனுப்பினாள், வாசிக்கலாமா என்று. கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிட்டு சந்தோஷமாக இட்லிக்கு ஊறப்போட்டேன். மத்தியானம் காய் நறுக்கிக்கொண்டே போனில் கதை கேட்கும் பெண்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் என் தங்கையின் மாமியார்.

என் பெயரும் காலண்டர் தாள் குங்குமமும் காதில் விழுந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். அடுத்த வெள்ளிக்கிழமை மகனிடம் காரை எடுக்கச் சொல்லி, தங்கையின் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "நானும் வரேன்மா கோயிலுக்கு" என்றார். போய் அர்ச்சனை செய்தார்கள். வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கூடத்தில் போனை வைத்துக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக ஓடவிட்டார். பின்னணியில் புல்லாங்குழல். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலில் தன் வாழ்க்கையைக் கேட்டுக்கொண்டே என் தங்கை தோசை பரிமாறியிருக்கிறாள். இது பின்னால் எனக்கு மாமியார் வாயாலேயே தெரிந்தது.

தங்கை எனக்குச் செய்தது ஒன்றுதான். மறுநாள் காலை அந்த வீடியோவின் இணைப்பை அனுப்பினாள். கூட ஒரு சொல்லும் இல்லை. நான் என்ன நினைத்தேன்? கதையைக் கேட்டு உருகிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு சிவப்பு இதயம் அனுப்பினேன். இந்த வருடத்தில் நான் செய்த எல்லாவற்றையும் மன்னித்துக்கொள்வேன். அந்த இதயத்தை மட்டும் நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

அவள் போனை எடுக்காமல் மூன்று நாள் போனபிறகுதான், கதை அவள் வீடுவரை போய்விட்டது என்று எனக்கு உறைத்தது. ஆட்டோ பிடித்து அடையாறுக்கு ஓடினேன். தங்கை ஆபீஸுக்குப் போயிருந்தாள். மாமியார் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"அது என் கதைம்மா. அவளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் செஞ்சதைத்தான் எழுதினேன்" என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "உங்களுக்குக் கல்யாணமே ஆகலியேம்மா. எந்த மாமியாருக்குக் குங்குமம் குடுத்தீங்க?"

காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் கோயிலுக்குப் போனதையும் போனை ஓடவிட்டதையும் சொன்னார். திட்டவில்லை. "ஒரு மணிநேரம் தனியா இருக்கணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து நடக்கணும்னு வாராவாரம் வேண்டிக்கிட்டு வெச்சுவிட்டேன். கடைக் குங்குமத்தை" என்றார். உள்ளே கட்டிலில் பெரியவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியில் ஒன்றும் இல்லை. "ஆனாலும் அவளே என்கிட்ட சொல்லட்டும்னு இருக்கேன். அவ ஒண்ணும் ஒத்துக்கல. கதை கதைதான்னு சொல்றா. இருக்கலாமோ என்னமோ" என்று முடித்தார்.

அந்த 'என்னமோ'வில் தங்கைக்கு ஒரு சின்ன வழி இருந்தது. அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. கதை வாசித்த பெண்ணைக் கூப்பிட்டு, வீடியோவை எடுத்துவிடு என்று கெஞ்சினேன். "ஏன்க்கா? செமயா போய்க்கினு இருக்கு. கமென்ட்ஸ் பாருங்க, 'இது என் கதை'ன்னு எத்தினி பேரு எழுதிக்கீறாங்க" என்றாள் அவள். பார்த்தேன். உண்மைதான். எனக்கு அவர்கள் யாரும் வேண்டாம், என் தங்கை மட்டும் வேண்டும் என்று சொல்லி அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய் அன்றைக்கே எடுத்துவிட்டாள். நான் மாமியாருக்குப் போன் செய்து, வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டேன், இனி கவலை இல்லை என்றேன். ஏதோ சாதித்துவிட்ட குரலில்தான் சொல்லியிருப்பேன்.

"எடுத்துட்டாங்களா? அப்ப நெசந்தான்" என்றார்.

தங்கைக்குப் பிள்ளையார் பிடிக்கப்போய் நான் குரங்கைப் பிடித்துக் கொடுத்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கார் ஆபீஸ் வாசலில் நிற்கிறது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து கோயிலுக்குப் போகிறார்கள். குங்குமத்தை மாமியாரே வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் தங்கைக்கு வாரத்தில் இருந்த ஒரே ஒரு மணிநேரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஜவுளிக்கடைக்கு நானே போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. எப்படியாவது தப்பித்து வந்திருக்கமாட்டாளா என்ற நப்பாசையாக இருக்கும். மூன்றாவது மாடியில், வெள்ளை மெத்தைமேல் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுக்காரர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். தெற்கத்திக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"உங்க ஜாடையில ஒரு அக்கா வருவாவ. வெள்ளிக்கெழமன்னா வந்துருவாவ. ஒண்ணும் எடுக்க மாட்டாவ. பாவம், களச்சுப்போயி வருவாவன்னு நாங்களும் ஒண்ணும் சொல்றதில்ல. சும்மா ரெண்டு விரிச்சுப் போடுவோம். இப்ப கொஞ்ச நாளா காணோம். சொகமா இருக்காவளா?"

இவரைத்தான் நான் கதையில் ஏளனமாகச் சிரிக்க வைத்திருந்தேன். சுகமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

போன வாரம் மதிய இடைவேளையில் அவள் ஆபீஸுக்குப் போய், வாசல் செக்யூரிட்டியிடம் சொல்லிக் கூப்பிட்டேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பக்கத்து ஜூஸ் கடையில் இரண்டு சாத்துக்குடி சொன்னாள். குழந்தைகள் பரீட்சை, மாமனார் மாத்திரை, டிசம்பர் மழை என்று பேசினாள். நான் கட்டுரைக்காகச் சந்தித்த பெரியவர்கள் முதல் சந்திப்பில் பேசுவது போலவே ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தாள்.

"திட்டுடி. நாலு அறை வேணா அறை" என்றேன்.

"உன்மேல கோபம் இல்லக்கா. கோபப்பட எனக்கு நேரம் எங்க இருக்கு?" என்றாள். அவள் சொன்ன விதத்தில், அது உண்மை என்று தெரிந்தது. கோபமாக இருந்திருந்தால் ஒருநாள் ஆறும் என்று காத்திருக்கலாம்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சனிக்கிழமை என் வீட்டுக்கு வா. அக்கா வீட்டுக்குன்னா யாரும் தடுக்க மாட்டாங்க. ஒரு மணிநேரம் சும்மா பால்கனில உக்காரு. நீ ஒண்ணும் பேச வேணாம். சத்தியமா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவள் யோசித்தாள். ஒரு கணம் வருவாள் என்றே எனக்குப் பட்டது. பிறகு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு, ஜூஸுக்கான பணத்தை அவளே கொடுத்தாள்.

"நீ கேக்க மாட்டக்கா, தெரியும். ஆனா பாத்துக்கிட்டே இருப்ப" என்றாள்.

சாலையைக் கடந்து ஆபீஸுக்குள் போய்விட்டாள். நான் மயிலாப்பூர் பஸ்ஸில் ஏறினேன். இடம் கிடைத்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே குறித்து வைத்துக்கொண்டேன். வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு சொல்லாவது மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது.